பத்தொன்பதின் வழக்கம்

நாற்பது காற்றாலைகளின் நாடி அம்மாவின் திரையில் கோடுகளாக ஓடும். ஒவ்வொன்றின் பல்சக்கரப் பெட்டியிலும் அதிர்வை அளக்க ஒரு சென்சார். பழுது வருமுன்பே சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் நிறுத்து. அலுவலகத்தில் அவளுக்கு ‘டாக்டரக்கா’ என்று பெயர். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு.

அலுவலகம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அம்மா பாதிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வாள். வார் சரியாகத்தான் இருக்கும். தினமும் கொண்டுவந்து விடும் மகள் இதை வருடக்கணக்கில் பார்த்தவள். மகள் பொறியாளர். அவளுக்கும் சென்சார்களோடுதான் பிழைப்பு.

பத்தொன்பதாம் காற்றாலை மட்டும் ஒருநாளும் சிவப்பு காட்டியதில்லை. அதுதான் அம்மாவுக்கு உறுத்தியது. அதே காற்றில் ஓடிய பதினெட்டையும் இருபதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதின் அதிர்வு இரண்டு மடங்கு இருந்தது.

“நிறுத்திப் பிரிச்சுப் பாக்கணும் சார்.”

“பச்சையாத்தானே இருக்கு?” என்றார் மேலாளர். “சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு டாக்டரக்கா ஊதறீங்க? அது எப்பவுமே அப்படித்தான்.”

“எப்பவுமேன்னா, எப்பல இருந்து சார்?”

அம்மா பழைய பதிவுகளைத் தோண்டினாள். சென்சார் பொருத்திய முதல் இரண்டு வாரத்து அதிர்வைத்தான் மென்பொருள் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். பத்தொன்பதில் பொருத்தியபோதே பேரிங் கெட்டிருந்தது. நோயாளியைப் பார்த்து ஆரோக்கியம் படித்த மென்பொருள்.

ஒரு வாரம் நச்சரித்தாள். பிரித்தார்கள். பேரிங்கின் உள்வளையம் செதில் செதிலாக உதிர்ந்தது.

“இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா மொத்தப் பெட்டியும் போயிருக்கும்” என்றார் மேலாளர், தானே கண்டுபிடித்தவர் போல.

அம்மா அவர் குரலிலேயே இதை வீட்டில் சொல்லிக்காட்டினாள். மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைத் தொடவில்லை.

“மூச்சு வாங்கறது எத்தனை நாளா இருக்கு?” என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்.

“அம்மாவுக்கு எப்பவுமே அப்படித்தான் டாக்டர்.”

கட்டிலில் இருந்த அம்மா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள். “எங்க மேனேஜர் மாதிரியே பேசறடி.”

மருத்துவர் முகமூடியை மறுபடி மாட்டினார். இதய வால்வு என்றார். நாலைந்து வருடமாகவே கெட்டிருக்க வேண்டும் என்றார். ஆறு நாள் இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு மகள் அம்மாவின் பொருள்களை எடுத்துவர அவள் அலுவலகம் போனாள். ஒரு சால்வை, டிபன் டப்பா, கண்ணாடிக் கூடு. திரையின் ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘பச்சையை நம்பாதே. பக்கத்தில் இருப்பதோடு வைத்துப் பார்.’

“அதையும் எடுத்துக்கறீங்களாம்மா?” என்றார் மேலாளர்.

“இருக்கட்டும் சார்.”

படியிறங்கும்போது அலுவலகம் பெருக்கும் அக்கா எதிரே ஏறி வந்தார். அம்மாவின் வயதேதான். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. நடுவில் எங்கும் நிற்கவில்லை.