அப்பா இறுக்க விடாத திருகு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அரைவாசிப் பேராவது அப்பாவிடம் ஒரு தடவை ஏச்சு வாங்கியவர்கள். தண்ணீர் இறைக்கும் மெசினின் எண்ணெய்த் திருகை இறுக்கியதற்காகத்தான் பெரும்பாலும் அந்த ஏச்சு. அப்பா போய் ஒரு வருடமாகிறது. ஏசுவதற்கு ஆளில்லாத வருடம்.

அப்பா குடாநாட்டில் பிறந்து, தகப்பனாருக்குக் கிடைத்த குடியேற்றக் காணியோடு சிறுவயதில் மல்லாவிப் பக்கம் வந்தவர். யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காத தடைக் காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோலில் மெசினைக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப் பழகினார். இடம்பெயர்ந்தபோது மெசினைத் தூக்க முடியவில்லை. காபரேட்டரை மட்டும் கழற்றித் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அதே வகைப் பழைய மெசின் ஒன்றைத் தேடி வாங்கி அதைப் பூட்டினார். "எல்லாரும் நகையைக் கொண்டு போச்சினம், இந்த மனிசன் காபரேட்டரைக் கொண்டு வந்தது" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

அந்தச் சிறு உறுப்பில்தான் எண்ணெயும் காற்றும் கலக்கின்றன. ஒரு பங்கு எண்ணெய் முழுதாக எரிய, எடையில் ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரும்புகையாகப் போகும். பிளக்கில் கரி பிடிக்கும். திருகை இறுக்கி எண்ணெயைக் குறைத்தால் காற்றுக் கூடும்; மெசின் இருமும், இழுவை குறையும், மட்டுமீறிச் சூடாகி பிஸ்டன் இறுகிவிடும். அப்பா பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுப்பும் கூடாது, வெள்ளையும் கூடாது. பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில், மிச்சம் பிடிக்கவென்று தன் மெசினின் திருகை இறுக்கினார். எண்ணெய் மிஞ்சியது, மெசின் மிஞ்சவில்லை. பிறகு எங்களுடையதை இரவல் வாங்கினார். அதையும் இறுக்கித்தான் திருப்பித் தந்தார்.

"மிச்சம் உனக்கு, காய்ச்சல் மெசினுக்கு" என்று அப்பா ஏசுவார்.

"கொஞ்சந்தான் அத்தான் இறுக்கினனான்" என்பார் மாமா.

சென்ற சிறுபோகத்தில், நெல் பால் பிடிக்கும் நேரம், அப்பா நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. கிணற்றிலிருந்து இறைக்காவிட்டால் கதிரெல்லாம் பதர்.

"மெசினை ஆர் போடுறது?" என்று கேட்டார்.

"என்ர தம்பி போடுவான்" என்றார் அம்மா.

"அவன் திருகில கை வைப்பான். மெசின் இறுகினா பயிர் போச்சு."

எங்களோடு அவர் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

சாவுத் துடக்கு என்பதால் நாங்கள் வயலில் இறங்கவில்லை. மாமாவுக்குத் துடக்கில்லை. கிரியை நடந்த நாளிலும் விடியவே இறைத்துவிட்டுத்தான் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு அம்மா கதைத்துக்கொண்டிருப்பார்; காது வயலில் இருக்கும். மெசின் இருமுகிறதா என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இருமவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று மாமா பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து அம்மாவின் கையில் வைத்தார். பால்தேத்தண்ணி நிறம்.

"நான் தொடேல்லை அக்கா. அத்தான் விட்ட மாதிரியே கிடக்கு."

அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தேத்தண்ணி ஊற்றிக் களைத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்ன உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நேரில் நன்றி சொன்னால் கோபிப்பார். ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் போகத்து நெல்லில் ஒரு மூட்டையை இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்தோம். இன்று உங்கள் இலையில் விழும் சோறு அதுதான்.