பாதியில் நின்ற சுடோகு

சுடோகுவில் எத்தனை வகை இருக்கிறது என்று இந்த வாரம் ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. போன ஸ்கூல் லீவின் கடைசிச் சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்...

கொட்டகலை பஜாரில் ஒரு டியூஷன் ஹாலில், சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு சுடோகு சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் புதுசு. "கணக்கு வரணுமா மிஸ்?" என்று பயந்துகொண்டே உட்காருவார்கள். கணக்கா? கூட்டல்கூட இல்லை! குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, பெட்டி — மூன்றிலும் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. அவ்வளவுதான்.

ஒன்பது எண்கள் மிரட்டினால், ஆறு எண்களோடு சின்னக் கட்டம் இருக்கிறது. அது கைக்கு வந்ததும் மூலைவிட்ட சுடோகு. வழக்கமான விதிகள்தான்; கூடவே, மூலைக்கு மூலை போகும் இரண்டு கோடுகளிலும் எந்த எண்ணும் திரும்ப வரக்கூடாது. அன்றைக்குப் பாடம் அதுதான்.

"மறந்துபோகாம இருக்க, முதல்ல பென்சிலால பெரிய எக்ஸ் போட்டுக்கங்க" என்றேன்.

முன்வரிசையில் ராயப்பன் அண்ணனும் அவர் மனைவி பிலோமினாவும். அண்ணன் தலவாக்கலை ரோட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். லீவில் வீட்டில் சும்மா முறைத்துக்கொண்டு இருக்கிறார் என்று பிலோமினாதான் இழுத்து வந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் பென்சிலை வைத்துவிட்டார். "முடிஞ்சிருச்சு மிஸ்!"

அவ்வளவு வேகமாகவா? எட்டிப் பார்த்தேன். எக்ஸுக்குப் பதிலாக பாதி எக்ஸ். கோடுகள் நடுவில் தொடங்கி வலது மூலைகளுக்குப் போயிருந்தன. அவர் எழுதிய எண்களும் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் ஒரு காலிக் கட்டத்தைக்கூடத் தொடவில்லை.

பின்னால் இருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இந்தப் பக்கம் யாருண்ணே போடுறது?"

"எந்தப் பக்கம்?"

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டும் இல்லை. உண்மையாகவே கேட்கிறார்.

எனக்கு என்ன தோன்றியதோ... தாளை எடுத்து, தலைகீழாகத் திருப்பி அவர் முன் வைத்தேன். காலிக் கட்டங்கள் இப்போது வலது பக்கம். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இது யாருது மிஸ்? பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்களே?"

சிரித்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிலோமினா என் கையைப் பிடித்தார். "ரெண்டு நாளா தட்டுல ஒரு பக்கத்துச் சோறு அப்படியே இருக்குங்க மிஸ். என் கறி பிடிக்கலன்னு நெனச்சு நான் பேச்சையே நிறுத்திட்டேன். நேத்து கழுவ வேனை வெளிய எடுத்தாரு. இடது பக்கத்துக் கண்ணாடி கேட்ல பட்டு நொறுங்கிருச்சு. கேட்டா, கேட்டைத் திட்டுறாரு!"

த்ரீவீலைக் கூப்பிட்டோம். "நான் நல்லாத்தானே இருக்கேன், என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்று வழி முழுக்கச் சத்தம் போட்டார். கையும் காலும் சரியாக வேலை செய்கிற மனிதரை நோயாளி என்று எப்படி நம்ப வைப்பது?

ஸ்கேன் எடுத்த டொக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். "ஸ்ட்ரோக். மூளையில வலது பக்கம் அடைப்பு. கண்ணுல ஒரு குறையும் இல்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை கணக்குல எடுக்கல. அதனாலதான் அவருக்கு ஒண்ணுமே தெரியல."

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை ஸ்கூல் தொடங்குதுங்க டொக்டர்..."

மீதியை அவர் சொல்ல வேண்டுமா? அந்தத் தலவாக்கலை மலை ரோடு உங்களுக்குத் தெரியும். போகும்போது இடது பக்கம் முழுக்கப் பள்ளம். வேன் நிறைய பிள்ளைகள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சி கொடுத்தவர், எந்தத் தாளை எடுத்தாலும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று போடச் சொன்னாராம். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அப்புறம்தான் படிக்க வேண்டும். அண்ணன் மெல்ல மெல்லத் தேறினார். வேனை பிலோமினாவின் தம்பி ஓட்டுகிறார்.

போன சனிக்கிழமை அண்ணன் திரும்பவும் ஹாலுக்கு வந்தார். அன்றைக்கு வளைந்து நெளிந்த பெட்டிகள் கொண்ட சுடோகு. சிவப்புக் கோட்டைத் தேடித் தேடி ஒவ்வொரு கட்டமாகப் போனார். இரண்டு எண் தப்பு. இடது ஓரம் நிறைந்திருந்தது! நான் அழுதேவிட்டேன்.

"மறுபடி வேன் ஓட்டுவீங்களாண்ணே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

பக்கத்தில் தன் கட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்த பிலோமினாவைப் பார்த்தார். "டொக்டர் ஓட்டலாம்னு சொன்னாக்கூட உடனே பிள்ளைங்களை ஏத்த மாட்டேன் மிஸ். முதல்ல கொஞ்ச நாளு இவளை மட்டும் பக்கத்துல வச்சு ஓட்டிப் பாக்கணும்."

பிலோமினா பென்சிலை டக்கென்று வைத்தார். "அப்போ நான் மட்டும் பள்ளத்துல விழுந்தா பரவாயில்லையா?"

கேள்வி நியாயம்தானே!