ஏறாவூர்ச் சேற்றில் ஒரு லொறி

ஏறாவூர் வாவிக்கரைச் சேற்றில் எங்கள் பட்டாள லொறி அச்சுவரை புதைந்து நிற்கிறது. யுத்தம் வந்ததிலிருந்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. ஆனால் எகிப்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் இந்தத் துரை என்னை வாய் திறக்கவே விடவில்லை. முஸ்லிம் ஊர் என்றால் அரபுதான் பேசுவார்கள் என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

அவர் கையில் பட்டாளம் கொடுத்த ஒரு சிறு புத்தகம். புல், ஹோல், டிராக் என்று இடப்பக்கத்தில் 'இழு' என்பதற்கான இங்கிலீசுச் சொற்கள். வலப்பக்கத்தில் அவற்றுக்கு அரபு. லொறியில் கட்டிய கயிற்றைப் பிடித்து நிற்கும் எட்டு மீனவர்களைப் பார்த்து, "ஷித்! இஸ்ஹப்! ஜுர்!" என்று அடித்தொண்டையில் வாசிக்கிறார். அவர்களோ கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு நிற்கிறார்கள். லொறி இன்னும் ஒரு சாண் இறங்குகிறது.

"என்ன காக்கா, கயித்த விட்டுட்டீங்க?" என்று முன்னால் நிற்பவரிடம் அண்ணன் முறை வைத்துக் கேட்கிறேன்.

"தொரை அரபுக் கிதாபப் பாத்து ஓதுறாரு தம்பி. ஓதக்குள்ள கயிறு இழுக்கலாமா? முடிக்கட்டும்."

"அது ஓதலில்ல காக்கா, இழுக்கச் சொல்றாரு!"

"அதத் தமிழில சொன்னா என்னவாம்?"

துண்டுகள் தோளுக்குத் திரும்புகின்றன. வலை இழுக்கும்போது பாடுகிற "ஏலேலோ"வை காக்கா எடுத்துக் கொடுக்க, மூன்றாம் இழுப்பில் லொறி மேட்டுக்கு வந்துவிடுகிறது.

துரை பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார். "ஏலேலோ"வை வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். எகிப்தில் இந்த அரபுச் சொல்லை அவர் கேட்டதே இல்லையாம்.