அம்மா பக்கத்து இடம்

எங்கள் தோட்டத்துக்கு நகராண்மைக் கழகம் வந்த கதையைச் சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

சபாக் ஊருக்குப் போகும் ரோட்டில் இருந்தது நாங்கள் வேலை பார்த்துக் குடியிருந்த எஸ்டேட் தோட்டம். முன்பு எங்களுக்கு மாவட்ட மன்றம். அதன் குப்பை லோரி தோட்டத்துக் கேட் வரை வந்து திரும்பிவிடும். உள்ளே தனியார் நிலமாம். நல்லது கெட்டது எல்லாம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தலையசைத்தால்தான். யாராவது செத்தால் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இரண்டு பேரைக் குழி வெட்ட அனுப்புவார். அம்மாவையும் அப்படித்தான் தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். பக்கத்து இடம் தனக்கு என்று அப்பா அன்றே சொல்லிவைத்தார்.

பிறகு மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. விழாவுக்கு லயத்து வரிசை வீட்டு ஆட்களை பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். கை தட்ட ஆள் வேண்டுமே! அப்பா பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பினார்.

"இனி நாமளும் டவுன் ஆளுங்க லா."

அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். எனக்கு எரிச்சல். கழக உறுப்பினர்களை ஓட்டுப் போட்டு அனுப்பும் வழக்கம் எப்போதோ நின்றுபோனது. மேலிடம் நியமிக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

போன வருடம் அப்பா போய்விட்டார். தோட்டம் அதற்குள் கைமாறியிருந்தது. அம்மா பக்கத்தில் புதைக்கப் புதுக் கம்பெனியில் கேட்டேன். கழகம் அனுமதித்தால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். கழகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்தான்.

"அக்கா, அது பதிவான எடம் இல்ல. பொதைக்க முடியாது. டவுன்ல நம்ம கழகத்து இடுகாடு இருக்கு. தார் ரோடு, லைட்டு எல்லாம் போட்டிருக்கோம்."

"எங்கம்மாவ அங்கதானேம்மா பொதைச்சோம்?"

"அது அப்ப, அக்கா."

அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வீட்டில் அப்பாவைக் கிடத்தி வைத்திருந்தோம். அவள் காட்டிய இடத்திலேயே புதைத்தோம்.

மறுநாள் அங்கே பால் தெளித்துவிட்டு, மிச்சப் பாலோடு நானும் தம்பியும் அம்மாவைப் பார்க்கப் போனோம். தோட்டத்துக் கேட்டில் நேபாளிக் காவலாளி மறித்தான். கம்பெனிக் கடிதம் இல்லாமல் விடமாட்டானாம். தம்பி கெஞ்சினான், நான் கத்தினேன். அவன் பிழைப்பு அவனுக்கு. ஆத்திரம் தாங்காமல் செம்பைக் கேட்டுக்கு முன்னாலேயே கவிழ்த்தேன். பால் அம்மா பக்கம் போகவில்லை. சரிவில் இறங்கி ரோட்டோரக் கால்வாயில் விழுந்தது. கழகம் எங்களுக்கென்று புதிதாகக் கட்டிக்கொடுத்த கால்வாய்.