பெரியவளும் டாலர் பூஜ்ஜியமும்

வீட்டில் அவள் மூத்த மருமகள். அதனால் அலுவலகத்திலும் பெரியவள்தான். மருத்துவமனைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. கொழுந்தன் மனைவி சின்னவள் வேலையில்லாமல் இருந்தபோது, முதலாளியிடம் சிபாரிசு செய்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்ததும் அவளேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், பாவம்.

நிரலில் தப்புத் தேட, சந்தேகம் வந்த வரிக்கெல்லாம் பெரியவள் ஓர் அலர்ட் போடுவாள். திரையில் அறிவிப்புகள் பெட்டி பெட்டியாக எழும்பும்; ஒவ்வொன்றாக ஓகே கொடுத்து மூடிக்கொண்டே போவாள். தப்பு அகப்படும், சாவகாசமாக. சின்னவளோ எஃப் பன்னிரண்டு விசையைத் தட்டி, கட்டளை எழுதினால் அங்கேயே விடை சொல்லும் பிரவுசரின் கன்சோலைத் திறப்பாள். இணையப் பக்கத்தில் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாளோ, டாலர் பூஜ்ஜியம் என்று தட்டினால் அது கைக்கு வந்துவிடும். முந்தைய விடை வேண்டுமா? டாலர் அண்டர்ஸ்கோர். குப்பையாகக் கொட்டிக் கிடக்கும் தகவலை டேபிள் என்று ஒரே வார்த்தையில் கட்டம் கட்டி அடுக்கிவிடுவாள். அப்புறமென்ன, எதற்கெடுத்தாலும் "சின்னவங்களக் கூப்பிடு"தான். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன?

ஒருநாள் முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஆஸ்பத்திரிக்காரர் வந்துட்டிருக்கார். முன்பதிவு பட்டன் அமுங்கவே மாட்டேங்குது. யார் சரி பண்றீங்களோ அவங்கதான் இனிமே டீம் லீட்!"

பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகிய வித்தையை எடுத்துவிட்டாள். முடங்கிக் கிடந்த பட்டனைத் தேர்ந்தெடுத்து, கன்சோலில் டாலர் பூஜ்ஜியம் போட்டு, முடக்கத்தை நீக்க ஒரே வரி தட்டினாள். பட்டனுக்கு உயிர் வந்தது.

"சார், முடிஞ்சது!"

ஆஸ்பத்திரிக்காரர் வந்து அவள் கணினியிலேயே பட்டனை அமுக்கினார், தலையாட்டினார். இன்னொரு தடவை பார்க்கலாமே என்று ரிஃப்ரெஷ் கொடுத்தார். பட்டன் மறுபடி படுத்துவிட்டது. கன்சோலில் எழுதுவது அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரைதான். நிரலில் திருத்தினால்தான் நிலைக்கும். இது பெரியவளுக்குத் தெரியாதா? சின்னவளை முந்தும் வெறியில் புத்தி மழுங்கிவிட்டது.

"என்னங்க இது?" என்றார் முதலாளி.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். "அக்கா சரியாத்தான் பண்ணாங்க சார். நான்தான் பழைய ஃபைலை மாத்தி ஏத்திட்டேன்."

கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடம். பெரியவளுக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடிப்பாவி! கெட்டிக்காரி என்ற பெயர் போதாதென்று நல்லவள் என்ற பெயரையும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளா? விடுவேனா?

"பொய் சார்! நான்தான் கோடிங்கைத் தொடாம கன்சோல்ல ஒப்பேத்தினேன். அவமேல தப்பே இல்ல."

சின்னவளே நிரலைத் திருத்தினாள். பதவியும் அவளுக்கே போனது. பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் சின்னவள் வந்து பக்கத்தில் நின்றாள். முகம் சுண்டிக் கிடந்தது. "லீட் ஆனது நான். எல்லாரும் பேசுறது உங்களப் பத்தித்தான்க்கா. அவ்வளவு பேர் முன்னாடி எப்படி ஒத்துக்கிட்டீங்க? எனக்கெல்லாம் அது வரவே வராது."

குரலில் லேசாகப் பொறாமை. பெரியவளுக்கா அது தெரியாது? பல மாதங்களுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.