பலாக்கொட்டையும் ஆமிக்காரர் குடித்த சீனியும்

வெளிநாட்டில் படிப்பை முடித்து மட்டக்களப்புக்குத் திரும்பியபோது, நான் சீனியைப் பற்றி ஆராய்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதில் பிழையில்லை. உடம்பின் ஒவ்வொரு உயிர்க்கலத்தின் மேலும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக் கிளைவிட்டு நிற்கின்றன. ஒரு கலம் இன்னொன்றை அடையாளம் காண்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊருக்கு விளங்கியதோ சீனி வருத்தம். மீன் விற்க வந்த அக்கா சேலையைச் சற்றே உயர்த்திக் காலைக் காட்டினார்.

"புண் ஆறுதில்ல மகள். என்ன மருந்து போட?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க அக்கா. நான் அந்த டொக்டர் இல்ல."

"அப்ப சீனியப் படிச்சி என்னத்துக்கு?"

அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் பலாக்கொட்டையில் இருக்கிறது. விலைக்கு வாங்க வசதியில்லாததால் நானே பிரித்தெடுக்க முடிவுசெய்தேன். புளியந்தீவில் வங்கியொன்றில் வேலைபார்த்த என் கணவர், கூட வேலை செய்தவர்களின் வீட்டு வளவுகளிலிருந்தெல்லாம் கொட்டை சேர்த்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். காயவைத்துச் சாக்கில் கட்டி ஆய்வுகூடத்து மூலையில் வைத்தேன்.

பிறகு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் பல்கலைக்கழக வளாகம் கரையிலிருந்து தள்ளியிருந்ததால் தப்பியது. அன்று மாலைக்குள் வகுப்பறைகள் எல்லாம் சனத்தால் நிறைந்துவிட்டன. ஆய்வுகூடத்தைப் பெண்களும் பிள்ளைகளும் படுக்கத் திறந்துவிட்டேன். குருக்கள்மடத்துப் பெண் ஒருவர் அங்கே சுவரோடு சாய்ந்திருந்தார். கடலில் மகளைப் பறிகொடுத்தவர், யாரோடும் பேசவில்லை. அரிசி வந்து சேர்ந்து, கறிக்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் அவர் எழுந்துபோய்ச் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்.

"டீச்சர், இது ஆர்ட கொட்ட?"

"என்ட ஆராய்ச்சிக்கு வச்சது."

"அப்ப திங்கேலாதா?"

"தின்னலாம்."

தேங்காய்ப்பால் இல்லாமல், வெறும் மிளகாய்த்தூளில் பெரிய பானை நிறையக் கறி ஆக்கினார். என் ஆராய்ச்சியின் முதற்கட்டம் அப்படி முடிந்தது. நானும் இரண்டு முறை வாங்கித் தின்றேன். உப்புக் காணாது என்று அவர் தன் சமையலைத் தானே குறைசொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசுகிறார் என்பதே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

மறுபடி கொட்டை சேர்த்தேன். பிரித்த புரதத்தைக் கழுவி எடுக்கக் கலக்டோஸ் என்ற சர்க்கரை தேவை. கொழும்புக்குச் சொல்லிவைத்து, பல மாதம் காத்திருந்து, நகரத்துக்கு வந்த போத்தலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யுத்தம் மீண்டும் மூண்டிருந்த நேரம். தன்னாமுனைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவர் என் பையிலிருந்து வெள்ளைத் தூளை வெளியே எடுத்தார்.

"என்ன இது, மிஸ்?"

"சீனி."

"சீனி ஏன் மருந்துப் போத்தல்ல?"

"இது வேற சீனி. கலக்டோஸ்."

அந்தப் பெயர் நிலைமையைக் கெடுத்தது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வெடிக்குமா என்று கேட்டார்கள். பாலில் இருப்பதுதான் என்றேன்.

"அப்ப மிஸ் சாப்பிடுங்க."

உள்ளங்கையில் கொட்டி நக்கினேன். முழு பஸ்ஸும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் சாகவில்லை என்று உறுதியானதும் அந்த இளம் சிப்பாய்க்கு ஆவல் வந்துவிட்டது. ஆறிக்கொண்டிருந்த தன் தேநீரில் ஒரு கரண்டி போட்டுக் குடித்தார். முகம் சுளித்தது. இன்னொரு கரண்டி. பிறகு மற்றவர்களின் கோப்பைகளுக்கும் போனது போத்தல்.

"இனிப்புக் காணாது மிஸ். உங்கள ஏமாத்திட்டாங்க."

பாதிப் போத்தலைத் திருப்பித் தந்தவர், உள்ளே போய்ப் பேப்பரில் நல்ல சீனி சுற்றிக் கொண்டுவந்து பரிவோடு என் கையில் வைத்தார். பஸ் புறப்பட்டதும் கண்டக்டர் அருகே வந்து, "இனி அந்தக் கடையில வாங்காதீங்க டீச்சர்" என்றார்.

மிஞ்சியது போதுமாயிருந்தது. ஆனால் புரதம் கைக்கு வந்தபோது யுத்தம் முடியும் நாட்கள். வளாகத்தை மூடியதால் புரதம் இருந்த சோதனைக் குழாயை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்ன அன்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். கடைசிச் சண்டை நடந்த வன்னியிலிருந்த தன் அக்காவைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் கணவர் வானொலியின் முன்னே உறைந்துபோயிருந்தார். நான் பெட்டியைத் திறந்து குழாயை எடுத்து வந்தேன்.

"விரலக் கொஞ்சம் தாங்க" என்றேன்.

அவர் நீட்டுவதற்குள் குத்திவிட்டேன். கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தம், அதன்மேல் ஒரு துளி புரதம். மெல்ல ஆட்டினேன். இரத்தம் மணல்மணலாகத் திரண்டது.

"என்ட ரத்தம் பழுதாப் போச்சா?"

"இல்ல. நல்லா வேலை செய்யுது."

வெடிச்சத்தம் ஓயும்வரை இருவரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில வாரங்களில் கணவரின் அக்கா முகாமிலிருந்து தொலைபேசியில் பேசினார். உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு என் கட்டுரை வெளிவந்தது. கணவர் அதை வரிவரியாக வாசித்து, 'ஒருவர் மனமுவந்து அளித்த இரத்தம்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"மனமுவந்தா?" என்றார்.