காற்றுக்கு விட்ட ஓட்டை

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டியபோது, சமையலறை அலமாரிகளுக்கு அடியில் பன்னிரண்டு வோல்ட் விளக்குகள் போட்ட எலக்ட்ரீஷியன் அவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். வேலை முடிந்ததும் விளக்கை அரைமணி நேரம் எரியவிட்டு, அலமாரிக்குள் இருந்த சின்ன டிரான்ஸ்பார்மரின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அலமாரியின் பக்கவாட்டில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையைக் காட்டினார்.

"சூடு வெளிய போகணும் சார். ரூல்படி இந்த ஓட்டைய மூடக்கூடாதுங்க."

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் அந்த ஓட்டை அசிங்கமாகப் படுமே என்று எனக்கு. மனைவி கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்த சமயம், தச்சரை வைத்துப் பலகை அடித்து மூடிவிட்டேன். இரண்டாம் மாதம் அலமாரி உள்ளே கருகிப்போனது.

அவரை வரவழைத்தோம். "காத்து போறதுக்கு ஒரு வழி வைக்கக் கூடாதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

அவர் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கவனிக்காம விட்டுட்டேன்மா," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருவில் யார் எலக்ட்ரீஷியன் கேட்டாலும், அவரை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று மனைவி சொல்கிறாள். அப்போதெல்லாம் நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன்.